மூன்று மாற்றல்கள்

"ஹாஸ்டல் சாப்பாடு பெரியவனுக்கு ஒத்துக்காது. பேசாம சின்னதையும் கூட அனுப்பிடுங்க. அதுவும் அங்கயே படிச்ச மாதிரி ஆச்சு, இவனுக்கு நேரத்துக்குச் சமைச்சுப் போட்ட மாதிரியும் ஆச்சு," என்றாள் அத்தை.

சொல்லிவிட்டு, இதில் யோசிக்க இனி என்ன இருக்கிறது என்பதுபோல் கை கழுவ எழுந்தாள்.

சின்னவள் வாயருகே கொண்டுபோன சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் 'சின்னது' என்றுதான் பெயர். அண்ணனுக்குப் 'பெரியவன்'. இலக்கணப்படி பார்த்தால் அவன் உயர்திணை, அவள் அஃறிணை. இதுவரை அவள் அதைச் செல்லம் என்றே நினைத்திருந்தாள்.

"அத்தை, நான் நாற்காலியா, அவன்கூடத் தூக்கிப் போட்டு அனுப்ப? நானும் ரெண்டாவது வருஷம் முடிச்சிருக்கேன்."

"அதான் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே வருஷம். எவ்வளவு சௌகரியம்!"

அண்ணன் அவளைவிட ஒரு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை இரண்டு தடவை ஆற அமர அனுபவித்துப் படித்ததால், இருவரும் ஒரே ஆண்டில் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். அவள் வேதியியல், அவன் கணினி. கல்லூரியிலும் அவன் அவசரப்படவில்லை. கடைசியில் முதல்வர் அப்பாவை அழைத்து, "பையனுக்கு எங்க காலேஜ் காத்து ஒத்துக்கலை போலிருக்கு. வேற நல்ல இடமாப் பாருங்களேன்," என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அந்த வாக்கியம் வீடு வந்து சேர்வதற்குள் எப்படியோ தேறிவிட்டது. "பையனுக்குப் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாற்றல் ஆகுது," என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் பதவி உயர்வு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் பார்வை சரிபார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டவர். கிட்டத்தில் இருப்பது மட்டும் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

"எனக்கு இங்க கடைசி வருஷ ஆராய்ச்சி இருக்குப்பா. எங்க மேடம் என்னைத் தன்கூடச் சேர்த்துக்கறதாச் சொல்லியிருக்காங்க. தண்ணியில என்னென்ன கலந்திருக்குன்னு…"

"தண்ணி அங்கயும் இருக்கும்," என்றார் அப்பா. "வேதியியல் அங்க மட்டும் வேறயாவா இருக்கப் போகுது? இஷ்டம் இருந்தா போ. இல்லன்னா படிச்ச வரைக்கும் போதும்னு வீட்டுல இரு."

பெரியவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

இரண்டு நாள் அழுத பிறகு சின்னவள் ஒரு முடிவுக்கு வந்தாள். போவது என்று ஆகிவிட்டது. போகிற இடத்துக்குச் சமையல்காரியாகப் போகக் கூடாது, மாணவியாகப் போக வேண்டும். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பேராசிரியை ஒரு யோசனை சொன்னாள்: "பாடத்தோட பேரை மட்டும் காட்டினா அங்க நம்ப மாட்டாங்க. உள்ள என்ன படிச்சேன்னு காட்டணும்." சின்னவள் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் முழுப் பாடத்திட்டத்தை வாங்கி, துறை முத்திரை போட்டு, ஆய்வகக் குறிப்பேடுகளோடு ஒரு பையில் அடுக்கினாள். பெரியவனின் பையில் ஒரு ஸ்பீக்கரும் இரண்டு ஜோடி காலணியும் இருந்தன.

புதுப் பல்கலைக்கழகத்தில், மாறி வருகிற மாணவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் கூட்டம் நடந்தது. நீள அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெற்றோர்களின் குடைகள். மேடையில் மாற்றல் பிரிவு அலுவலர். பாவம், மனிதருக்குக் கடும் ஜலதோஷம். மூன்று வார்த்தைக்கு ஒரு தும்மல். சின்னவள் அங்கேயே அவருக்குத் 'தும்மல் சார்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"மாற்றல்ங்கறது வீடு மாத்தறது மாதிரி இல்ல," என்றார் அவர். "சாமானை வண்டியில ஏத்தி இங்க இறக்கிட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நீங்க அங்க பாஸ் பண்ண ஒவ்வொரு பாடத்தையும் எங்க பாடத்தோட ஒப்பிட்டுப் பார்ப்போம். பொருந்தினா கணக்குல வரும். பொருந்தலைன்னா… அச்…" அவர் தும்மி முடிக்கும்வரை அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. "…இங்க திரும்பப் படிக்கணும்."

பெரியவன் தங்கையின் காதருகே குனிந்தான். "பாஸ் பண்ணாத பாடத்தை என்ன செய்வாங்க?"

"அதையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு, இங்கயும் ஃபெயில்னு போடுவாங்க. கவலைப்படாதே."

மதியம் ஒவ்வொரு குடும்பமாக மேசைக்கு அழைத்தார்கள். தும்மல் சார் சின்னவளின் பையைப் பிரித்தார், புரட்டினார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். பிறகு உள்ளறைக்குப் போய் வேதியியல் துறை ஆள் ஒருவரோடு வந்தார். அவரும் புரட்டினார்.

"எல்லாம் பொருந்துதும்மா. நேரா மூணாவது வருஷம். மெயின் கேம்பஸ்."

பெரியவனுக்குப் பாஸான பாடமே குறைவு. அதிலும் பொருந்தியவை இரண்டு: மொழிப்பாடம், உடற்கல்வி. "இதை வச்சு இரண்டாவது வருஷம்கூடக் குடுக்க முடியாது. முதல் வருஷத்துல சேரலாம். முதல் வருஷப் பசங்களுக்கு வகுப்பு புதுக் கேம்பஸ்ல. ஊரோட அந்தக் கோடி."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சார், மாத்திப் படிச்சிட்டீங்க. பையன்தான் மூத்தவன்."

"சரியாத்தான் படிச்சேன்."

"அதெப்படி சார்? பொண்ணு மூணாவது வருஷம், பையன் முதல் வருஷமா? நாலு பேர் என்ன கேப்பாங்க?" என்றவர், சற்று முன்னால் குனிந்து குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்யலாமா? இவ பாஸ் பண்ணதுல கொஞ்சத்தை அவன் கணக்குல மாத்திக்க முடியுமா? ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே விலாசம். எங்களுக்குள்ள ஒண்ணும் பிரச்சனை வராது."

தும்மல் சாருக்கு வந்த தும்மல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"சினிமா டிக்கெட்டா சார், அக்கம்பக்கத்துல மாத்தி உக்காந்துக்க?"

"சரி, அது வேணாம். அப்ப இவளையும் முதல் வருஷத்துலயே போட்டுடுங்க. அண்ணன் மனசு நோகாம இருக்கும். ஒரே கேம்பஸ், ஒரே வீடு. சமையலுக்கும் ஆச்சு."

பக்கத்து மேசையில் பேனா ஒன்று எழுதுவதை நிறுத்தியது. சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. இரண்டு வருஷம். விடிவதற்கு முன் எழுந்து படித்த பாடங்கள், அமிலம் பட்டு ஓட்டை விழுந்த துப்பட்டா, கை நடுங்காமல் சொட்டுச் சொட்டாக ஊற்றக் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும், அண்ணன் மனசு நோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வாஷ்பேசினில் கொட்டச் சொல்கிறார் அப்பா. அதுவும் கோபமே இல்லாமல். பஸ்ஸில் பெரியவருக்கு இடம் விடச் சொல்லும் அதே சாதாரணக் குரலில்.

"பாஸ் பண்ணதை விட்டுக்கொடுக்கணும்னா மாணவியோட சம்மதம் வேணும்," என்றார் தும்மல் சார். அவள் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதமாம்மா?"

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிது. அதற்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது.

"இல்ல!"

அறையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சம்மதம் இல்ல சார். எனக்கு மூணாவது வருஷமே குடுங்க. மெயின் கேம்பஸ் ஹாஸ்டல்ல ஒரு இடமும் குடுங்க."

"அப்ப இவனுக்கு யாரு சமைக்கறது?" என்றார் அப்பா. அவளிடம் கேட்கவில்லை, அலுவலரிடம்தான் கேட்டார். அதுவும் அந்தப் பிரிவின் பொறுப்பு என்பதுபோல்.

"விடுங்கப்பா," என்றான் பெரியவன் திடீரென்று. அவன் முகம் சிவந்திருந்தது. "எனக்கு முட்டை அவிக்கத் தெரியும்."

"எப்பக் கத்துக்கிட்ட?"

"இனிமேதான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். அப்பாவுக்கு மட்டும் வரவில்லை. வெளியே வந்து ரயில் ஏறி ஊர் போய்ச் சேரும்வரை அவர் ஜன்னலோடுதான் பேசினார்.

ஆனால் அவர் தோற்றுப்போய்விட்டார் என்று நினைத்தால் அது நம் தப்பு. பெண் மறுத்தால் அடுத்த பெண் என்பது அந்த வீட்டு ஏற்பாடு. அடுத்த வாரமே புதுக் கேம்பஸ் பக்கம் ஒரு சின்ன வீடு பிடித்து, மகனோடு அம்மாவை அனுப்பிவைத்தார்கள். ஊரில் அப்பாவுக்குச் சமைத்துப் போடும் பொறுப்பு, யோசனை சொன்ன அத்தை தலையிலேயே விழுந்தது. அடுத்த தெருவிலிருந்து வேளைக்கு வேளை தூக்குப் பாத்திரத்தோடு நடந்து அவளுக்கு முழங்கால் வலி வந்தது. அதன் பிறகு அவள் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

சின்னவளுக்கும் ஆரம்பம் அவ்வளவு இனிப்பாக இல்லை. மூன்றாவது வருஷ வகுப்பில் எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருந்தார்கள். ஆய்வகத்தில் அவளுக்குக் கூட்டாளி இல்லை. தராசு எந்த அறையில், சாவி யாரிடம் என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் ஒரு மாதம் சுவரோரமாகவே நடந்தாள். ஹாஸ்டல் மாடியில் நின்று, பேசாமல் அண்ணனுக்குச் சமைத்துப்போட்டே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்து, மறுநாள் ஆய்வகத்தில் தனியாக நின்ற இன்னொருத்தியிடம் போய், "நானும் வெளியிலேருந்து வந்தவதான், சேர்ந்து செய்யலாமா?" என்று கேட்டாள். அவள் வெளியிலிருந்து வந்தவள் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு தனியாக நின்றவள். ஆனாலும் சேர்ந்துகொண்டாள்.

அரை வருஷம் கழித்து அடுத்த மாற்றல் கூட்டம் வந்தபோது, தும்மல் சாரே அவளைக் கூப்பிட்டு உதவி மேசையில் உட்காரவைத்தார். அவருக்கு ஜலதோஷம் இன்னும் போகவில்லை. சின்னவள் வருகிறவர்களுக்கெல்லாம் சளைக்காமல் சொன்னாள்: "பழைய காலேஜ்ல இடத்தை விடறதுக்கு முன்னாடி இங்க சேர்த்துக்கறாங்களான்னு உறுதி பண்ணிக்குங்க. பாடத்திட்டத்தை முழுசா எடுத்துட்டு வாங்க. முதல் மாசம் அழுகை வரும், பயப்படாதீங்க, அதுக்கு மார்க் கிடையாது." அப்பாக்கள் பிள்ளைகளுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், "மாணவர் யாருங்க? அவங்களே பேசட்டும்," என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு தனி ருசி.

மதியத்துக்கு மேல் வரிசை குறைந்தபோது குனிந்தபடியே கேட்டாள்: "அடுத்து. மாணவர் யாரு? பையனா, பொண்ணா?"

"நான்தான்."

நிமிர்ந்தாள். அம்மா நின்றிருந்தாள். நல்ல புடவை, கையில் ஒரு துணிப்பை, நெற்றியில் வியர்வை.

"என்னம்மா? அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"அவனுக்கு என்ன? குக்கரை அடுப்புல ஏத்திட்டு, விசில் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான். பாதியில எண்ணிக்கை விட்டுப் போச்சுன்னா எனக்கு போன் பண்ணுவான்." அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும். நீதான இங்க பதில் சொல்றவ? ஒருத்தி ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு வருஷம் காலேஜ் முடிச்சிருந்தா, அதை இப்ப இங்க சேர்த்துப்பாங்களா?"

"யாரு?"

"நான்தான்னு சொன்னேனே. வரலாறு. எங்க வகுப்புல நான்தான் முதல்."

சின்னவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும், அம்மா எங்கே படித்தாள், என்ன படித்தாள் என்று அவளும் கேட்டதில்லை. அப்பாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டீங்க?"

அதில் கோபம் இல்லை. நேரம் என்ன என்றால் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

சின்னவள் எழுந்து, தன் நாற்காலியைச் சுற்றி வந்து, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப்போனாள். தும்மல் சார் கைக்குட்டையோடு நிமிர்ந்தார். அப்பா எங்கே என்று பார்ப்பவர்போல் அம்மாவின் பின்னால் எட்டிப்பார்த்தார். யாரும் இல்லை. அம்மாவை உட்காரச் சொல்லி, அவள் துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்.

"ரொம்பப் பழசுதான். ஆனா மொழியும் ஒண்ணு ரெண்டு வரலாறும் கணக்குல எடுக்க வழி இருக்கு. துறையில கேக்கணும். அதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேக்கற ஒரு கேள்வி, தப்பா நினைக்காதீங்க. படிப்பை ஏன் பாதியில நிறுத்தினீங்க? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"பணக் கஷ்டமா?"

"எங்கப்பாவுக்கு அதெல்லாம் இல்ல."

"இல்ல…" அவர் தயங்கினார். "ஏதாவது தப்புப் பண்ணி நீக்கிட்டாங்களா?"

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒரு தப்பும் பண்ணலை சார். கல்யாணம் பண்ணி வச்சாங்க."