பலகைக்கு அந்தப் பக்கம்

காலை ஏழு மணிக்கு ஆகாயத்தாமரைகள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. மற்ற நேரங்களில் அவை கால்வாயில் மெல்ல மிதந்து காயலுக்குப் போகும். இன்று காயல் நீர் ஏறியிருந்தது. போன செடிகளையெல்லாம் அதுவே திருப்பி அனுப்பியது. கொத்துக் கொத்தாக, ஊதாப் பூக்களோடு, வழி தவறிப் போய்த் திரும்பும் சிறு தீவுகளைப் போல அவை மழையில் நனைந்தபடி வந்தன.

இசக்கிசெல்வி மதகின் மேல்கல்லில் குந்தியிருந்தாள். தலையில் அரிசிச் சாக்கைக் கொங்காடையாகப் போட்டிருந்தாள். அவள் காலடியில், கல்லில் வெட்டிய பள்ளத்துக்குள், மூன்று மரப்பலகைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி நின்றன. பலகைக்கு அந்தப் பக்கம் கால்வாய், உப்புத் தண்ணீர். இந்தப் பக்கம் அவர்கள் சந்தின் மழைத்தண்ணீர் ஓடும் கானை. காயலில் ஏற்றம் வந்து நீர் உயரும்போது பலகையைப் போட வேண்டும், இறங்கியதும் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். இந்த வாரம் அவளுடையது.

ஏற்றமும் பெருமழையும் ஒரே காலையில் வரும் என்று முறை வைத்தபோது யாரும் நினைக்கவில்லை. உள்ளே விழுந்த மழைக்கு வெளியே போக வழியில்லை. சந்தில் முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீர் நின்றது.

போன வருடம்தான் வார்டில் மண்ணையும் நீரையும் காக்கும் திட்டம் என்று ஆட்கள் வந்தார்கள். உப்பேறிக் கிடந்த சந்துக் கிணற்றைச் சுற்றிப் பதித்திருந்த சிமெண்டுக் கட்டைகளைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட வேண்டும். கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, கரியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட வேண்டும். மதகுக்குப் பலகை அவர்களே தருவார்கள். ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். சந்தின் நிலம் மொத்தமும் சுக்கு வியாபாரி நஜ்முதீனுடையது. அவர் அரை மனதாகத்தான் போட்டார்.

"ஒரு தடவை கிணறு இனிச்சுக் காட்டட்டும். திரும்ப உப்பாச்சுன்னா மண்ணைப் போட்டு மூடிருவேன். பக்கத்து ஹோம்ஸ்டேக்காரன் கார் நிறுத்த இடம் கேட்டு மாசாமாசம் வந்து நிக்கான்."

ஜூன் மழையில் கிணறு இனித்தது. இசக்கிசெல்வி போர்ட் கொச்சி ஓட்டல்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள். அதுவரை விலைத் தண்ணீரில் அரைத்தவள், பிறகு அந்தக் கிணற்றில்தான் அரைத்தாள். மாவு அவள் நினைத்தபடி பொங்கியது. கிணறு மூடினால் அவள் கிரைண்டரும் மூடும். ஆனால் திறந்துவிட்ட மண் மழையை மட்டும் பார்த்துக் குடிக்காது. உப்புத் தண்ணீர் வந்து நின்றால் அதையும் குடிக்கும்.

"செல்வி அக்கா, பலகையத் தூக்குங்க."

ஷாஹிர் தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தான். சந்தில் ஆகத் தாழ்ந்த வீடு அவனுடையது. வாஷிங் மெஷின், மிக்சி, மோட்டார் எல்லாம் பழுது பார்ப்பவன். முன்னறை முழுக்க ஊரார் சாமான்.

"இப்பம் தூக்கக் கூடாது தம்பி. வெளிய இன்னும் கூடுதலா இருக்கு."

"உள்ள நிக்குற வெள்ளம் எப்பப் போகும்? படியில ஏறிருச்சு."

"இப்பம் தூக்குனா இது போகாது. அது வரும். வந்து பாரு."

அவன் வந்து பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துத் தண்ணீருக்குள்ளேயே நின்றான்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. உள்ள நிக்கிறது மழைத்தண்ணி. கிணத்தச் சுத்தி நின்னா உங்க மாவுக்கு நல்லது. எங்க வீட்டுல நின்னா யாருக்கு நல்லது?"

"வாய் இருக்குன்னு பேசாத. ஸ்ரீநாத்தக் கேப்போம்."

ஸ்ரீநாத் திட்டத்தின் ஆள், மலையாளப் பையன். தோப்பும்படிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சேச்சி, உள்ளில் கூடுதலோ, புறத்தே கூடுதலோ?"

"புறத்தே. நாலு விரல்."

"அப்போ தொடண்டா. உள்ளில் கூடும்போ துறந்நால் மதி."

"கேட்டியா?" என்றாள் இசக்கிசெல்வி. "இப்பம் தொட வேண்டாமாம். உள்ள கூடுன பிறகு திறந்தாப் போதுமாம்."

"அவருக்கு எங்க தெரியும் நாலு விரல்? நீங்க சொன்ன நாலு விரல்தான."

அது உண்மைதான். மதகு சந்தின் கோடியில், ஒரு சுவரின் முடுக்கில் இருந்தது. பலகையின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் மேல்கல்லில்தான் ஏற வேண்டும். கல்லில் ஒருவருக்குத்தான் இடம். சந்து முழுக்க அவள் கண்ணை நம்பித்தான் தண்ணீரில் நின்றது.

ஷாஹிர் திரும்பிப் போனான். போகிற வழியில் யாரோ ஒரு பெண் கேட்டாள், "என்னவாம் மாவுக்காரிக்கு?" அவன் சொன்னது மழையில் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நீர் கறுத்து, கனத்து, அசையாமல் இருப்பது போலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். உள்ளே மழைநீர் செம்மண் நிறத்தில் குழம்பி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லாத மரம். வெகுநேரம் பார்த்ததில் இரண்டும் இரண்டு ஊர்கள் போலவும், தான் எந்த ஊரிலும் இல்லாதது போலவும் அவளுக்குத் தோன்றியது.

அப்போது ஆகாயத்தாமரை நின்றது.

ஒரு கொத்து அவளுக்கு நேரே வந்து, மேலே போகாமல், அப்படியே நின்று சுழன்றது. பிறகு, வந்த பக்கமே ஒரு முழம் போனது. அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள். வெளியே, மதகுச் சுவரில், ஈரக்கோடு ஒன்று நீருக்கு மேலே தெரிந்தது. நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே மழை ஏற்றிக்கொண்டே இருந்தது. கையை இரண்டு பக்கமும் நீட்டி நனைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு விரல் கூடுதல்.

இப்போது திறக்கலாம்.

பலகை தூக்கும் கொக்கியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே இருந்தாள். ஒரு விரல்தான். காயலில் ஒரு கப்பல் போனால் போதும், ஒரு பெரிய படகு திரும்பினால் போதும், அலை கால்வாய்க்குள் அடிக்கும். திறந்த மதகு வழியாக உப்பு நேரே கிணற்றடிக்கு வரும். ஓடும் நீரில் பலகையைத் திரும்பப் போடுவது லேசு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் நாலு விரல் ஆகும், ஐந்து விரல் ஆகும். அப்புறம் எந்த அலைக்கும் பயமில்லை.

பொறுப்பது கிணற்றுக்கு நல்லது. பொறுப்பது அவளுக்கு நல்லது. அது யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

"அக்கா, இப்ப எப்படி இருக்கு?"

ஷாஹிர்தான். தன் வீட்டு வாசலில் நின்று கத்தினான். தோளில் ஒரு மோட்டார்.

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"இன்னும் வெளியிலதான் கூடுதல்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது. சாக்கிலிருந்து வழிந்த மழை கழுத்துக்குள் இறங்கியது. அவள் பலகையை மட்டும் பார்த்தாள். ஒன்றரை விரல். ஆகாயத்தாமரைகள் ஒவ்வொன்றாக முகம் திருப்பின. இரண்டு விரல்.

சந்தில் சத்தம் கூடியது. யாரோ இரும்புக் கட்டிலை இழுத்தார்கள். மேல்வீட்டு வீரபாண்டி, பெயின்டர், எப்போதும் முதலில் கோபப்படுகிறவன், படியிலிருந்து இறங்கி வருவது கேட்டது.

"என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க அந்த அம்மாட்ட? நாலு பேரு போய்ப் பலகையப் பிடுங்கி எறிங்க. வாங்கடே."

"சும்மா இருங்க அண்ணே." ஷாஹிரின் குரல். "அக்கா பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. காலைலருந்து மழைல இருக்கு. கூடுனா அதுவே சொல்லும்."

"உன் வீடு முங்குது, நீயே அவளுக்குப் பேசுறியா?"

"முங்குது. அதுக்கு? உப்புத்தண்ணி வந்தா என் மோட்டார் எதுவும் மிஞ்சாது. இதுவாவது காய வச்சா ஓடும்."

இசக்கிசெல்வி எழுந்து நின்றாள். முழங்கால் மரத்துப்போயிருந்தது. கொக்கியைப் பலகையின் வளையத்தில் மாட்டி இழுத்தாள். ஊறிய மரம் அசையவில்லை.

"ஷாஹிர்," என்று கூப்பிட்டாள். "வா. திறக்கணும்."

அவன் ஓடி வந்தான். கல்லில் இடமில்லாததால் கானைக்குள் இறங்கி, மார்பளவு நீரில் நின்று, கீழிருந்து பலகையை முட்டினான். அவள் மேலே இழுத்தாள். முதல் பலகை ஒரு முனகலோடு கிளம்பியது. இரண்டாவது உடனே. நீர் வழுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. சந்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

மூன்றாவது பலகையைப் பிடித்தபடி ஷாஹிர் வெளிச்சுவரைப் பார்த்தான். ஈரக்கோடு இப்போது நீருக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எப்ப இறங்க ஆரம்பிச்சது?"

"கொஞ்சம் முந்தி."

"நான் கேட்டேனே, அப்பவா?"

அவள் கொக்கியைப் பார்த்தாள். "அதுக்கும் முந்தி."

நீர் அவன் தோளை உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சகீலா, அவன் அம்மா, வாசலிலிருந்து, "மெஷினுக்குள்ள ஏறிருச்சுடா, அந்தப் புதுசுக்குள்ள" என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் காயல் பக்கமிருந்து அது வந்தது. முதலில் ஆகாயத்தாமரைகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கின. பிறகு கால்வாயின் இரு கரைக்கும் ஒரு மடிப்பு எழுந்து உள்ளே நடந்து வந்தது. எங்கோ ஒரு பெரிய கப்பல் திரும்பியிருந்தது.

"போடு, போடு," என்றாள்.

இரண்டாவது பலகையைப் பள்ளத்தில் வைத்து இருவரும் அழுத்தினார்கள். பாதியில் நின்றது. பள்ளத்தில் ஒரு செடிக்கொத்து சிக்கியிருந்தது. அலை பலகைக்கு மேலே ஏறி அவள் முகத்தில் அடித்தது. வாயெல்லாம் உப்பு. பின்னால், கானை வழியாக, நீர் திரும்பிக் கிணற்றடிக்கு ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் முதுகுத்தண்டில் கேட்டாள்.

ஷாஹிர் மூச்சைப் பிடித்து மூழ்கினான். அவன் தலை காணவில்லை. அவன் பிடுங்கிய வேர்கள் ஒரு பிடி மேலே வந்தன, இன்னொரு பிடி வந்தன. பலகை தடாலென்று உட்கார்ந்தது. அவன் எழுந்து, திரும்பி, முதுகை அதன்மேல் சாய்த்து நின்றான். அவள் முதல் பலகையை அவன் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்ச் செருகினாள். இரண்டாவது அலை வந்தது, அடித்தது, நின்றது.

பிறகு கால்வாய் தானாகவே சமாதானமாகி, செடிகளை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகத் தொடங்கியது. அவர்கள் பொறுத்திருந்து பலகைகளைத் திரும்ப எடுத்தார்கள்.

சந்து வடிந்தபோது நஜ்முதீன் குடையோடு வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். நேரே கிணற்றடிக்குப் போனார். திறந்த மண் கஞ்சி போலக் குழைந்து கிடந்தது. கூரைக் குழாயில் மழை இன்னும் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"உள்ள வந்துச்சுன்னு சொன்னாங்க," என்றார். "ஒரு வாளி எடு."

ஷாஹிர் கிட்டே இருந்தான். அவன்தான் கோரினான். நஜ்முதீன் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். வாயில் வைத்துக்கொண்டே நின்றார். சகீலா வாசலில் நின்று பார்த்தாள், வீரபாண்டி படியில். இசக்கிசெல்வியின் வாயில் இன்னும் கால்வாய் உப்பு இருந்தது; குடித்தாலும் அவளுக்குத் தெரியாது. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவர் துப்பினார்.

"உப்பு."

"இது உப்புத்தண்ணில மிதந்த வாளி இக்கா," என்றான் ஷாஹிர். "கழுவாமக் கோரிட்டேன்."

"அப்ப கழுவிக் கோரு."

"கயிறும் அதுலதான் கிடந்துச்சு. என் கையும்தான். நாளைக்கு வாங்க. வேற வாளி, வேற கயிறு. அப்பக் குடிச்சுட்டுச் சொல்லுங்க."

நஜ்முதீன் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். ஈர மோட்டார்கள் வரிசையாகக் கிடந்த அவன் வாசலையும் பார்த்தார்.

"உன் வீட்டுக்குள்ள தண்ணி வந்தும் நீ இதைச் சொல்றே," என்றார். "சரி. நாளைக்குக் காலைல. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்." குடை சந்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் மறைந்தது.

ஷாஹிர் வாளியைக் கூரைக்குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினான். கையைக் கழுவினான், வாயைக் கொப்பளித்தான். திரும்பக் கோரி, தான் குடித்தான்.

"இருக்கு," என்றான் மெதுவாக. "கொஞ்சம் உப்பு இருக்கு. முன்ன மாதிரி இல்ல. மழை நிக்காமப் பெஞ்சா நாளைக்குள்ள போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"அந்த மெஷினுக்கு ஆகுறத நான் தந்துருறேன்."

"அதப் பிறகு பேசலாம்." வாளியைக் கவிழ்த்து வைத்தான். "நான் உங்களுக்காகச் சொல்லல அக்கா. கிணறு மூடினா எங்க அம்மாவும்தான் குடம் தூக்கிட்டுப் போகணும். ஆனா இனிமே மதகுல ஒருத்தர் இருக்கக் கூடாது. மேல இன்னொரு கல் போடுவோம். கிணத்துப் பக்கத்து ஆள் ஒண்ணு, எங்க பக்கத்து ஆள் ஒண்ணு."

"சரி."

"நான் பாத்ததையும் கேட்டதையும் வீரபாண்டி அண்ணன்ட்ட சொல்ல மாட்டேன். அம்மாட்ட நீங்களே சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள். சகீலா வாசலில் புது மெஷினைச் சாய்த்து வைத்து, அதிலிருந்து வடியும் நீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி தலையிலிருந்த சாக்கை எடுத்துப் பிழிந்தாள். பிறகு சேற்றில் கால் வைத்து அந்த வாசலை நோக்கி நடந்தாள். கூரையில் மழை வலுத்தது.