சுவரின் கனம்

கையிருப்பில் இருந்தது இரண்டு அறைகள் குடைந்த ஒரே பித்தளைக் கட்டி. நடுச்சுவரின் துளை வழியாகத்தான் மைக்ரோவேவ் அலை அடுத்த அறைக்குக் கசியும். துளை பெரிதானால் பக்கத்து அலைவரிசைகளும் புகுந்து, வேண்டிய அலையை மட்டும் விடவேண்டிய ஃபில்டர் பாழாகிவிடும். துளையின் அளவை ஒரு புத்தக வரைபடத்தின் நகலில் பார்த்து, சுவரின் கனத்துக்காகக் கொஞ்சம் கூட்டிப் பட்டறைக்குக் கொடுத்திருந்தாள் அதை வடிவமைத்தவள். மூலப் புத்தகம் இப்போதுதான் நூலகத்தில் அகப்பட்டது. நகலில் விடுபட்டிருந்த அடிக்குறிப்பு அதில் இருந்தது: ‘சுவரின் கனம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது.’

பட்டறைக்குத் தலைதெறிக்க ஓடினாள். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“அண்ணே, நிறுத்துங்க!”

இயந்திரக்காரர் நிறுத்தினார். “என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?”

அவள் துளையை அளந்தாள். புத்தகத்தில் இருந்த அளவைவிட இன்னும் மயிரிழை சின்னதாகத்தான் இருந்தது.

“இன்னும் ஒரே ஒரு சுத்து, அண்ணே. மெதுவா.”