அறுவடை விருந்தன்று வந்த விருந்தாளி

மார்லிஸ் ஹாஸ்கெட் என்ற ஊருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முந்நூறு பேர்தான் இருக்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை கோதுமை. வந்த முதல் வாரமே அவள் வாசல் பனியை யாரோ அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ஏன் இந்த ஊரைத் தேடி வந்தாய் என்று கேட்டவர்களிடம் வேலைக்கு என்றாள். கட்டியவன் கர்ட் அடித்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்லவில்லை.

அக்டோபரில், அறுவடை முடிந்த கையோடு, ஊர் மண்டபத்தில் வான்கோழி விருந்து. மத்தியானம் மூன்று மணிக்கு மார்லிஸ் மண்டபத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். காபிக்கடை ஒரிசியா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். அறுபது வயது, ஊரில் யார் எத்தனை மணிக்குத் தும்மினார்கள் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"உங்க அண்ணன் வந்திருக்காரும்மா. காலைல நம்ம கடையிலதான் காபி குடிச்சாரு. வீடு பூட்டியிருக்கும், நேரா மண்டபத்துக்கு வாங்கன்னு நான்தான் வழி சொன்னேன்."

மார்லிஸுக்கு அண்ணன் கிடையாது.

பரிமாறும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கர்ட் ஒரு மேசையின் ஒரு முனையைப் பிடித்திருந்தான், மறுமுனையை எழுபத்திரண்டு வயது விவசாயி லோர்ன்.

"இந்தத் தோளை வெச்சுக்கிட்டு வேற ஊர்ல என்னப்பா பண்றே? இங்கயே தங்கிடு. ஒரு பொண்ணும் பாத்துத் தர்றோம்" என்றார் லோர்ன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கர்ட்டும் சிரித்தான். மேசையை இறக்கிவிட்டு நேரே சமையலறைக்குள் வந்தான்.

"முடிய வெட்டிட்டியா? நல்லாத்தான் இருக்கு" என்றான் தாழ்ந்த குரலில். "வண்டி வெளிய நிக்குது. சத்தம் போடாம வா."

"வரமாட்டேன்."

முதல் குத்து வாயில் விழுந்தது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. இரண்டாவது குத்தில் காது அடைத்துப் போயிற்று. "தம்பி, என்ன இது" என்று குறுக்கே வந்த ஒரிசியாவைப் பிடித்துத் தள்ளினான். அவள் அடுப்பின் இரும்புக் கதவில் மோதி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் மார்லிஸுக்குத் தன் அடைத்த காதிலும் கேட்டது. கைக்கு எட்டிய பானையைக் கவிழ்த்தாள். கொதிக்கிற தண்ணீரும் கிழங்கும் அவன் கழுத்திலும் மார்பிலும் கொட்டின. அலறினான், ஆனால் விடவில்லை. அவள் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவன் தோல் வெந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. கண் இருட்டியது.

லோர்ன்தான் முதலில் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். கர்ட் முழங்கையை வீசியதில் கிழவர் மூக்கு உடைந்தது. அதற்குள் தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் ஆட்கள் நாலு பேர் பாய்ந்து அவனைத் தரையில் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்தார்கள்.

போலீஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

லோர்ன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போன மார்ச்சில் பனியில் புதைந்த மார்லிஸின் காரைத் தன் டிராக்டரால் இழுத்து வெளியே எடுத்த மனிதர் அவர். கர்ட்டின் தலைமாட்டில் வந்து நின்றார்.

"எந்தக் கையால அடிச்சே?"

 மேலே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் அவன் வலது கையைப் பிடித்துத் தரையில் விரித்து வைத்தான். லோர்ன் பூட்ஸ் குதிகாலால் ஓங்கி மிதித்தார். கர்ட் கத்தினான். மறுபடி மிதித்தார். மண்டபத்தில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் தடுக்க வரவில்லை. லோர்ன் முகத்தில் கோபம்கூட இல்லை. வேலிக்கம்பம் அடிக்கிறவர் மாதிரி இருந்தார். மூன்றாவது மிதியில் விரல்கள் நொறுங்கின. மார்லிஸ் தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லத் தனக்கு மனம் வரவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. நான்காவதற்குப் பிறகுதான் "போதும்" என்றாள். உடனே நிறுத்திவிட்டார்.

வந்து சேர்ந்த இளம் போலீஸ்காரர் கர்ட்டின் கையைப் பார்த்து, இது எப்படி என்று கேட்டார்.

"விழுந்துட்டாருங்க" என்றார் லோர்ன்.

போலீஸ்காரர் மார்லிஸைப் பார்த்தார்.

"விழுந்தான்" என்றாள் வீங்கிய உதட்டோடு.

நாலு நாள் கழித்து ஒரிசியா கையில் கட்டோடு அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சிரிச்ச முகமா கேட்டான்மா. நானும் சொல்லிட்டேன். ஒரு துண்டு கேக்குகூட ஓசியில குடுத்தேன்."

"நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள் மார்லிஸ். உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தாள். "இனிமே யாராவது என்னைக் கேட்டு வந்தா, தெரியாதுன்னு சொல்லிடுங்க."

ஒரிசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்றேம்மா. ஆனா இந்த ஊர்ல ஒருத்தரைத் தெரியாதுன்னு நான் இதுவரைக்கும் சொன்னதே இல்ல. ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா?"

மார்லிஸ் தலையாட்டினாள். ஒரிசியா நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள். குரல் நடுங்கியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் மார்லிஸ்.