பொத்துவிலுக்குப் போன வெல்வட்

என் புருஷன் இப்றாஹிம் தன்னுடைய இரண்டாவது கல்யாணத்துக்கு அறை சோடிக்கிற வேலையை என்னிடமே தந்தார். கூட்டாளியின் தங்கைக்குக் கல்யாணம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதருக்கு அந்தச் சோற்றையும் நானே ஆக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மார்க்கம் ஆண்களுக்கு நாலு வரைக்கும் இடம் கொடுத்திருக்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை. பொய்க்கு எங்கே இடம் கொடுத்திருக்கிறது என்றுதான் கேட்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். ஆணுக்கென்று வீடு கிடையாது. முதலில் உம்மாவின் வீடு, பிறகு பொண்டாட்டியின் வீடு, கடைசியில் கபுறுக்குழி. சாய்ந்தமருதில் நாங்கள் இருந்தது என் வாப்பா எனக்குத் தந்த வீடு. அது மூத்தவள் றம்ஸியாவுக்குப் போகும். இளையவள் றுகையாவுக்கு ஒரு வீடு கட்டத்தான் என் சங்கிலியை விற்று இவரைச் சவூதிக்கு அனுப்பினேன்.

அவர் அங்கே இருந்த காலத்தில்தான் எனக்கு அந்தத் தகரப் பெட்டி அகப்பட்டது. எழுபத்தெட்டில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பறங்கி மிஸ் வந்து எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் பெண்களுக்குக் கைப்பணி வகுப்பு நடத்தினார். வந்தவர்களில் பாதிப் பேர் யாருடைய மருமகள் யாரோடு கோபம் என்று கதைக்க வந்தவர்கள். மற்றப் பாதி அதைக் கேட்க வந்தவர்கள். அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்து மிஸ்ஸின் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. மிஸ்ஸும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அவருடைய பெட்டி எங்கள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை எல்லாரும் மறந்துபோனோம். எலி பிடிக்க மூட்டையைப் புரட்டியபோதுதான் கண்டேன். உள்ளே சிவப்பும் பச்சையுமாக வெல்வட் துண்டுகள், பூவும் கொடியும் வெட்டிய மர அச்சுகள், ஒரு சுருள் செப்புக் கம்பி, ஒரு குறடு. ஓரங்களைக் கரப்பான் தின்றிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

மிஸ் காட்டித் தந்ததை வந்தவர்களில் நான் ஒருத்திதான் கவனித்திருந்தேன் போலிருக்கிறது. அச்சை மேசையில் வைத்து, அதன்மேல் வெல்வட்டை முகம் கீழே பார்க்க விரிக்க வேண்டும். முதுகில் தண்ணீர் தெளித்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்து அழுத்த வேண்டும். இழுக்கவே கூடாது, இழுத்தால் பூ இரண்டாகத் தெரியும். நான் ஒரு ஸலவாத்து ஓதி முடிக்கும் வரைக்கும் அழுத்திவிட்டு நேராகத் தூக்குவேன். புரட்டிப் பார்த்தால் அச்சின் கோடு பட்ட இடம் அமுங்கி, மற்ற இடமெல்லாம் மயிர் எழும்பி, பூ புடைத்துக்கொண்டு நிற்கும். மர அச்சு அலுத்த பிறகு கம்பியை வளைத்துப் பலகையில் அறைந்து என் மனம் போன கொடியெல்லாம் போட்டேன். கல்முனைக்குடியில் ஒரு மணப்பெண்ணின் அறையில் அதைத் தொங்கவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் என்னைத் தேடி ஆள் வரத் தொடங்கியது.

சவூதியிலிருந்து வந்த மனிதர் இதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"துணியச் சுடுறதுக்கும் காசு குடுக்கிற மடச் சனம் இரிக்கி" என்றார். பிறகு தான் கொண்டுவந்த பளபளத்த வெல்வட்டை எடுத்துப் போட்டார். "இதுல செய்து பாரு புள்ள. இது வெளிநாட்டுச் சாமான்."

அது நைலோன். இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் உருகி இரும்பில் ஒட்டிக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு என் பெட்டியில் சூடு கூடிப்போயிற்றாம். அன்று முழுக்க நான் தேங்காய்ப் பொச்சால் பெட்டியைச் சுரண்டினேன், அவர் ரேடியோவில் பாட்டுக் கேட்டார்.

றுகையாவின் வீட்டுக்கு எப்போது அத்திவாரம் போடுவது என்று கேட்டால், சீமெந்து விலை இறங்கட்டும் என்பார். சீமெந்து விலை இறங்கவில்லை. ஆனால் என் சாச்சியின் மகன் அச்சிமுகம்மது ஒருநாள் லொறியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராத்தா, மச்சான் பொத்துவில்ல ஊடு கட்டுறாரு. நான்தான் சீமெந்து ஏத்திப் போறன். ஆருக்கெண்டு கேட்டா, கூட்டாளிக்கெண்டாரு. நேத்து அந்த ஊட்டுப் பொம்புள, 'எங்கட மருமகன் சொன்ன சீமெந்தா இது' எண்டு என்னட்டக் கேக்கிறா."

நான் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வல்லாஹி என்று ஆணையிடுவார். பொய்ச்சத்தியமும் என் வீட்டுக்குள் நடக்க வேண்டாம் என்று நினைத்தேன். எத்தனை நாள் சோறு இறங்கவில்லை என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சோடனைக் கதை. பகல் சோறு தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"இஞ்ச புள்ள, பொத்துவில்ல என்ட கூட்டாளிட தங்கச்சிக்குக் கலியாணம். கட்டிலுக்குப் பின்னால சுவத்துல போட உன்ட வெல்வட் ஒண்டு வேணுமாம். எங்கயோ கண்டு ஆசைப்பட்டிரிக்காங்க."

"மாப்பிள எந்த ஊரு?"

"அது இந்தப் பக்கம்தான்."

"என்ன தொழிலாம்?"

"வெளிநாட்டுல இரிந்தவராம்."

"நல்ல மனிசனா?"

"நல்ல மனிசனெண்டுதான் எல்லாரும் கதைக்காங்க" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று சொல்வார்கள். இவர் அந்தப் பழமொழிக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டு வந்து நின்றார். சரி என்றேன். தகரப் பெட்டியின் அடியில் கடைசியாகக் கிடந்த பெரிய சிவப்பு வெல்வட்டை எடுத்தேன். வேண்டுமென்றே பழுதாக்கியிருக்கலாம். அவர் மட்டமான ஆள் என்பதற்காக என் வேலையும் மட்டமாக வேண்டுமா? மாதுளங்கொடி ஒன்றைக் கம்பியில் வளைத்து, இலை இலையாக, பழம் பழமாக அழுத்தினேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்லது.

அவர் அதை நாலாக மடித்துத் தன் பையில் வைக்கப் போனார்.

"மடிச்சா மயிர் அமுங்கி மடிப்பு நிண்டிரும். மூங்கில்ல சுத்தித்தான் கொண்டு போகணும், செய்த ஆள்தான் கட்டணும்" என்றேன்.

"அப்ப அச்சிமுகம்மதுட்ட குடுத்து அனுப்பு. நான் கொழும்புக்குச் சாமானெடுக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கல்யாணக் கூறை எடுக்கத்தான் போனார். அதுகூடத் தெரியாத மந்தி என்று என்னை நினைத்திருந்தார்.

மறுநாள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு, மூத்தவள் றம்ஸியாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சண்டைக்குப் போகவில்லை. என் மகளுக்கென்று சம்பாதித்த காசு என்ன வீடாகியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். அக்கரைப்பற்றில் பஸ் மாறி, பொத்துவிலில் இறங்கி, புது வீடு எங்கே என்று கேட்டதும் எல்லாரும் கையைக் காட்டினார்கள்.

நல்ல வீடுதான். சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை. றம்ஸியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உம்மா, ஜன்னலெல்லாம் பச்ச பெயின்ட். றுகையா வாப்பாட்ட இப்பிடித்தானே கேட்டவ" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். வெல்வட் கட்ட வந்த பொம்பிளை என்றதும் பெண்ணின் உம்மா சபியா உம்மா ஓடி வந்தாள். வெற்றிலை போட்ட வாய், கெட்டிக்காரக் கண். அறைக்குள் கட்டிலில் மணப்பெண் நதீரா கையில் காயாத மருதோன்றியோடு இருந்தாள். என் றம்ஸியாவுக்கு ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். நான் ஆணி அறைந்து வெல்வட்டைத் தொங்கவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் மாதுளம்பழங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. சுற்றி நின்ற பெண்கள் கையை நீட்டித் தடவிப் பார்த்தார்கள். சபியா உம்மா எங்களுக்குத் தேத்தண்ணியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள்.

"எந்த ஊரு புள்ள?"

"சாய்ந்தமருது."

"அப்ப மாப்பிளயத் தெரிஞ்சிரிக்குமே. இப்றாஹிம். சவூதிக்குப் போய் வந்தவரு."

"தெரியும்."

"நல்ல மனிசன், பாவம். மூத்த பொண்டாட்டிக்கு மண்ட பிழையாம். விடிஞ்சாப் பொழுதுபட்டா இஸ்திரிப் பெட்டிய வெச்சித் துணியச் சுட்டுட்டு இரிப்பாவாம். ஒரு சோறு கறி ஆக்கிறதில்லயாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான் வந்தது, ஆனால் இந்த மனிதருக்காக அழுகிறதென்றால் கண்ணீருக்கு மரியாதையில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான்தான் அந்தப் பொண்டாட்டி. இவ்வளவு நேரமும் நீங்க தடவிப் பாத்தது நான் சுட்ட துணி."

சபியா உம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். நதீரா என்னைப் பார்க்காமல் றம்ஸியாவைப் பார்த்தாள்.

"உங்கட வாப்பாவா?"

"ஓம்" என்றாள் என் மகள்.

நதீரா சுவரில் தொங்கியதைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கை மருதோன்றியை விரலால் வழித்து, பக்கத்தில் இருந்த சிரட்டைக்குள் போட்டாள்.

"உம்மா, இதச் செய்தவவுக்கு மண்ட பிழையெண்டா, அதச் சொன்ன மனிசனுக்கு என்ன?" என்றாள். "எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். சபியா உம்மா மட்டும் கதைக்காமல் யோசித்தாள். கணக்குப் பார்க்கிற மனிசி அவள். என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ள, நான் ஒளிச்சிக் கதைக்க மாட்டன். ஊடு நதீராட பேருல எழுதி முடிஞ்சி. எங்களுக்கு ஊடு குடுக்க வக்கில்லயெண்டு அவருக்குத் தெரியும். ஊடில்லாத பொண்ணக் கட்டினாரெண்டு ஊரு சிரிக்குமாம். அதனால நாங்க கட்டிக் குடுத்த மாதிரிக் காட்ட, அவரே கட்டி, அவரே உறுதியும் எழுதி முடிச்சித் தந்தாரு."

தன் காசில் தனக்கே சீதனம் வாங்கிய மாப்பிள்ளையை உலகத்தில் வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா? பெருமைக்கு மாவிடித்தவர் அரிசியையும் தொலைத்துவிட்டார். தொலைந்தது என் றுகையாவின் அரிசி. சபியா உம்மா நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்ல முடியும்? பெண்ணின் பேரில் எழுதிய வீடு பெண்ணுக்குத்தான். என் பேரில் இருக்கிற வீட்டை யாராவது வந்து கேட்டால் நான் விட்டுக்கொடுப்பேனா? அவளும் கொடுக்க மாட்டாள். வாங்கிக்கொண்டவளைவிட, கொண்டுபோய்க் கொட்டியவர் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

"ஊடு உங்கட புள்ளைக்கு. வெல்வட் என்ட" என்றேன்.

நதீராதான் கட்டிலில் ஏறி அதைக் கழற்றினாள். நான் சொல்லாமலே முகத்தை உள்ளே வைத்து மூங்கிலில் சுற்றி, றம்ஸியாவின் கையில் கொடுத்தாள். அடுத்த நாள் காலையில் நான் விவாக வழக்குப் பார்க்கிற காதியாரிடம் போய், எனக்கு இந்த மனிதர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெரிய மாதுளங்கொடியை மருதமுனைக் கல்யாணம் ஒன்றுக்கு விற்றேன். அந்தக் காசில் புது வெல்வட் வாங்கினேன். றுகையாவின் வீட்டை இனி நான்தான் துண்டு துண்டாக அழுத்திக் கட்ட வேண்டும்.

இவர் கொழும்பிலிருந்து கூறையோடு நேரே பொத்துவிலுக்குப் போயிருக்கிறார். அங்கே வாசல் தாண்டவும் விடவில்லையாம். பிறகு தன் உம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். அது இப்போது அவருடைய தங்கச்சி சபூறாவின் வீடு. சபூறா தண்ணீர் கொடுத்து, தன் புருஷன் வருகிற நேரம் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் என் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பெட்டி, மற்றக் கையில் ரேடியோ.

"முனவ்வறா, கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து" என்றார், கடைக்குப் போய்விட்டு வந்தவரைப் போல.

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலகவில்லை. அவருடைய முகம் மெல்ல மெல்ல இறங்கியது.

"அப்ப நான் எங்க போற?"

"பொத்துவில்ல ஊடு கட்டிரிக்கீங்களே. நான் போய்ப் பாத்தன். நல்ல ஊடு."

என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பின்னால் நின்ற மூத்தவளைக் கூப்பிட்டார்.

"மகள், நீயாவது உம்மாக்குச் சொல்லு."

றம்ஸியா முன்னுக்கு வந்தாள். "வாப்பா, றுகையா பச்ச ஜன்னல் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இரிந்திரிக்கி" என்றாள். அவர் வாயைத் திறக்க முன்னமே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.