கரடி பேசக் கூடாது

மூன்றாவது சனிக்கிழமையும் அந்தச் சிறுமி வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வயது இருக்கும். முதுகில் பை. "எங்கம்மாவ காணோம்" என்று கிளிப்பிள்ளையாக ஒப்பித்துவிட்டு, நான் கூப்பிடும் முன்பே மூலையில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கலர் பென்சில்களை எடுத்துக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

குழந்தைகள் பூங்காவில் தொலைந்துபோகிற பிள்ளைகளை உட்கார வைத்து, மைக்கில் அறிவித்து, பெற்றவர்கள் வரும்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே எல்லோருக்கும் நான் மைக் அக்கா. தொலைந்த பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூக்கு ஒழுகும், ஒரு கால் செருப்பு இருக்காது, அம்மா பெயரைக் கேட்டால் 'அம்மா' என்று சொல்லும். மதியத்துக்கு டப்பாவில் ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு எந்தப் பிள்ளையும் தொலையாது. போன இரண்டு வாரமும் தொண்டை வற்ற அறிவித்தேன். அம்மாக்காரி பூங்கா மூடுகிற நேரத்தில்தான் ஓடி வந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கூட்டத்துல விட்டுட்டேன்க்கா, மன்னிச்சிருங்க." அலைக்குளத்தில் ஆட்டம் போட்டுவிட்டு வருகிறாள் என்று பார்த்தவுடனே நினைத்தேன். என் மகன் ஜுரத்தில் கிடந்தபோதுகூட எனக்கு லீவு கிடைத்ததில்லை. இவள் பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டு நாள் முழுக்கத் தண்ணீரில் குதித்தால் வயிறு எரியாதா?

இன்று விடுவதாக இல்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "இந்த மாதிரி ஆளுங்கள போலீஸ்ல சொன்னாதான் சரிப்படும். ராட்டினத்துப் பக்கம் வாங்க, நான் வரேன்" என்றார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினேன். "வா, உங்கம்மாவ நாமளே தேடுவோம்."

"வேணாம் ஆன்ட்டி. நான் இங்கயே சமத்தா இருக்கேன்."

அலைக்குளத்தைச் சுற்றி வந்தோம். அம்மாக்காரி அங்கே இல்லை. ராட்டினத்தின் முன்னால் எங்கள் பூங்காக் கரடி பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் இருக்கிற ஆள் அடிக்கடி மாறும், முகத்தை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் எல்லாம் அதை நோக்கி ஓட, இவள் மட்டும் தரையைப் பார்த்தபடி என்னை வேறு பக்கம் இழுத்தாள். கரடி எங்களைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தியது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நேராக எங்களிடம் வந்து, மண்டியிட்டு, நழுவியிருந்த பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டு, சிறுமியின் வாயோரம் ஒட்டியிருந்த வாழைப்பழத்தைத் தன் தடித்த விரலால் துடைத்தது. யாரோ எவரோ துடைக்கிற துடைப்பு இல்லை அது.

"நீயா?" என்றேன்.

பிள்ளைகள் முன்னால் கரடி பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது. மீறினால் அன்றோடு வேலை போகும். வேலை பார்க்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்தாலும் அப்படித்தான். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை. "மூணு வாரமா என்னை முட்டாளாக்கறியா? இந்தச் சின்ன வாயில பொய்ய ஊட்டி அனுப்பறியே, பெத்தவதானா நீ?" குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கரடியின் முகம் தைத்த சிரிப்போடு அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஏறியது. நடுவில் ஒரு பையன் வந்து அதன் காலைக் கட்டிக்கொண்டான். திரும்பி அவன் தலையைத் தடவி, கையசைத்து அனுப்பிவிட்டு, மிச்சத் திட்டையும் வாங்கிக்கொள்ள மறுபடி என் பக்கம் வந்து நின்றது. கழுத்து இடுக்கிலிருந்து வியர்வை நாற்றம் அனலாக அடித்தது. அப்போதுதான் அந்த நனைந்த தலை எனக்குப் புரிந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சிரிக்க இத்தனை பெரிய இடம், அவர்களைச் சிரிக்க வைக்கிறவள் பெற்றதற்கு ஒரு நாற்காலி கிடையாது. நாசமாய்ப் போன இடம். நானும் அதற்குத்தானே மைக் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"இந்தப் பாப்பாதானா? அம்மா கிடைச்சாங்களா?" சூப்பர்வைசர் வந்துவிட்டார். கையில் போன்.

சிறுமி கரடியை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். "எங்கம்மாவ காணோம்" என்றாள். இந்தத் தடவை உதடு நடுங்கியது.

கரடியின் கைகள் இரண்டும் மெல்ல மேலே போய்த் தன் கழுத்தைப் பிடித்தன. தலையைக் கழற்றப் போகிறாள். நான் எட்டி ஒரு கையைப் பற்றிக் கீழே இழுத்தேன்.

"பாப்பா கரடியோட போட்டோ கேட்டா சார். எடுத்துட்டு வரோம்."

"நான் அம்மாவப் பத்திக் கேட்டேன்."

"எடுத்துட்டு வரோம்னு சொல்றேன்ல." கத்தியே விட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பூங்காவின் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். சிறுமி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். எல்லாப் பிள்ளைகளும் கரடியிடம் செய்வதைப் போலவே அவளும் கையிரண்டையும் விரித்துக்கொண்டு ஓடி, அந்தக் கம்பளி வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். கரடி குனிந்து அவளை மூடிக்கொண்டது. சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார் போட்டோக்காரர். மறுபடியும் சொன்னார். அவள் திரும்பவில்லை.