பஞ்சு அமுக்கிப் பார்த்த நாற்காலி

எங்கள் வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். கடைத்தெருவில் அவருக்குப் பேர் பஞ்சு. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் இருக்கையை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்ப்பார். அமுங்கிய இடம் உடனே எழும்பி வந்தால் அந்தக் குடும்பத்தை நம்பலாம். வராவிட்டால் அங்கே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கிறுக்கோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, அதை அறுத்து எடுத்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தபோதும் அப்படித்தான். பெருநகரத்து ஆஸ்பத்திரியில் நாற்காலி ஒவ்வொன்றும் ராஜாவுக்குச் செய்தது போல இருந்தது. மனிதர் அமுக்கிப் பார்த்து அன்றைக்கே மயங்கிவிட்டார். ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு முழுப் பகல் பஸ். மருந்து ஏறியபின் லாட்ஜில் சுருண்டு கிடக்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் பையில் வாந்தி. பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனாலும் நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. மகளுக்கு ஏழு வயது. ஒவ்வொரு தடவையும் அவளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். மூன்றாம் தடவை திரும்பி வந்தபோது, மொட்டைத் தலையும் வெளுத்த முகமுமாக வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் குழந்தை அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

“இனிமே நான் வரல. இருக்கிற நாளை எம்பொண்ணோட இருந்துட்டுப் போறேன்.”

“பாதியில விட்டா திரும்ப வந்துடும்னு டாக்டர் சொன்னாரே.”

“வரட்டும்.”

கெஞ்சினார், திட்டினார், தன் தங்கையைக் கூட்டிவந்து அழவைத்தார். நான் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஓர் அறை திறந்தார்கள். நாத்தனார் ஓடி வந்து சொன்னாள். “ஒரே ஒரு தடவை போய்ப் பாருங்க அண்ணி. பிடிக்கலன்னா விட்டுடுங்க.” அவள் நச்சரிப்பு தாங்காமல், மருந்து ஏற்ற வேண்டிய நாள் வந்ததும், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஞ்சு உள்ளே நுழைந்ததும் நேரே நாற்காலிக்குப் போனார். அமுக்கினார். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது. கைப்பிடி உறை கிழிந்து ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது. அது போதாதென்று தரையில் படுத்து நாற்காலிக்கு அடியிலும் தலையை விட்டார். காத்திருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, என் மானம் கப்பலேறியது.

“வா, போகலாம்,” என்றார் எழுந்து. “ஒரு நாற்காலிக்கே வக்கில்லாதவங்க மருந்துல மட்டும் என்னத்தைக் கிழிக்கப்போறாங்க?”

அங்கிருந்த சிஸ்டர் வாட்டசாட்டமான பெண்மணி. கோபப்படவில்லை. மருந்துப் பையைத் தூக்கி அவர் கண்ணெதிரே காட்டினாள்.

“சார், அங்க ஏத்தின அதே மருந்துதான். அளவும் அந்த டாக்டர் சொன்னதுதான், அவர்கிட்ட ஃபோன்ல கேட்டுக் கேட்டுத்தான் செய்யறோம். நாற்காலி மட்டும்தான் மட்டம். மருந்து என்ன, நாற்காலிக்கா ஏறப்போகுது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சுவின் முகம் தொங்கிப்போனது. நாலு வார்த்தை நானும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் மறுபடியும் அதே நாற்காலியை அமுக்கிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. மனிதர் பயந்து செத்துக்கொண்டிருந்தார். நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது. தெரிந்த ஒன்றே ஒன்றை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது, கோபமும் கூடவே வந்தது.

“நான் உட்காரப்போறேன். நீங்க கடைக்குப் போங்க, பக்கத்துலதானே இருக்கு,” என்றேன்.

அவர் போகவில்லை. மருந்து ஏறி முடிகிற வரைக்கும் அந்தக் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

ஆட்டோவில் ஏறிச் சரியாக உட்காருவதற்குள் வீடு வந்துவிட்டது. வாந்தியும் வந்தது. அதே மருந்துதானே, வராமல் என்ன செய்யும்? ஆனால் என் வீட்டுக் குளியலறை, என் வாளி. கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் எடுத்தேன். பிறகு என் கட்டிலில், என் தலையணையில் வந்து விழுந்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் கட்டிலருகே நின்று, என் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“போயிட்டு வந்துட்டேன்.”

“எப்ப?”

“நீ ஸ்கூல்ல இருக்கும்போது.”

நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார்.

“அப்ப நான் அத்தை வீட்டுக்குப் போக வேணாமா?”

“வேணாம்.”

பையைக் கீழே போட்டாள். கட்டிலில் ஏறி என் வயிற்றை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். “பசிக்குதும்மா,” என்றாள், நான் என்னவோ கடைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுதேன்.

அவளுக்குச் சாப்பிட ஏதாவது எடுக்க பஞ்சு எழுந்து போனார்.

“ஏங்க,” என்று கூப்பிட்டேன். “அடுத்த மருந்து என்னிக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க?”