கூடத்திலிருந்து எடுத்த அமைதி

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் அமைதி இல்லாமல் போனது, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அவர் மகள் அதைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போன நாளில்தான். அமைதி இல்லை என்றதும் சண்டை சச்சரவு என்று நினைத்துவிடக் கூடாது. அது பின்னால் வந்தது. முதலில் போனது காதுக்குத் தெரிகிற அமைதி.

மகள் டிஜிட்டல் ஊடகக் கலை படித்தாள். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம் அம்மா, "கம்ப்யூட்டர்ல சினிமா மாதிரி" என்பாள். அப்பா, "ஏதோ படிக்கிறா" என்பார். முதல் வருடம் படத்தை வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டாள். இரண்டாம் வருடம் ஒலிப் பக்கம் மனம் போயிற்று. எந்நேரமும் பஞ்சு உறை போட்ட மைக்கோடு திரிந்ததால் வகுப்பில் அவளுக்குப் பஞ்சு என்றே பெயர் விழுந்தது. காலி அறைக்கும் ஒரு ஒலி உண்டு, ஓர் அறையின் அமைதி இன்னோர் அறைக்குப் பொருந்தாது, அதைத் தனியாக எடுத்து வசனங்களுக்கு அடியில் விரித்தால்தான் படத்தில் வெட்டுப்பட்ட இடம் தெரியாது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இறுதி வருடப் படத்துக்கு அவளுக்குக் கனமான அமைதி ஒன்று தேவைப்பட்டது. உடனே வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வந்தது.

அது லேசில் கிடைக்கிற அமைதி அல்ல. அண்ணன் அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, மாற்றுத்துணிகூட எடுக்காமல் வீட்டை விட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சே எழவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வருவாள், அப்பா கிரீஸ் கையோடு வருவார், இருவரும் சாப்பிடுவார்கள். சொல்லாமல் விட்டதெல்லாம் வருடக்கணக்காகக் கூடத்துச் சுவர்களில் படிந்து இறுகியிருந்தது.

மகள் ஃபேனை நிறுத்தினாள், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள், இருவரையும் சமையலறைக்குள் அனுப்பி அசையாமல் நிற்கச் சொன்னாள். "சும்மா இருக்கறதையா பதிவு பண்ணப் போறே?" என்று அப்பா சிரித்தார். "ஆமாப்பா. நம்ம வீட்டுல அதுதான் நல்லா இருக்கு" என்று அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவள் மைக்கைப் பையில் வைத்த சிறிது நேரத்தில் அம்மா கையிலிருந்து ஒரு கரண்டி தவறி விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கவில்லை. மகள் பஸ் ஏறிப் போன பிறகும் ஒலித்துக்கொண்டிருந்தது. கரண்டியில்தான் கோளாறு என்று தூக்கியெறிந்தார்கள். சத்தம் வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாள் நாற்காலி இழுத்த சத்தம் சேர்ந்தது, பிறகு குழாய், இருமல், கதவுத் தாழ்ப்பாள். மற்ற வீடுகளில் சத்தங்கள் விழுந்து அமிழ அடியில் ஓர் இடம் இருக்கும். இங்கே அந்த அடித்தளத்தையே மகள் எடுத்துப் போய்விட்டாள். எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். மாநகராட்சியிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து, அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது என்று காதைப் பொத்திக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் கத்திப் பேச வேண்டியதாயிற்று. உப்பு போதுமா என்பதைக்கூடக் கத்திக் கேட்டால் அது சண்டை மாதிரிதான் கேட்கும். ஒரு மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தபடி அம்மா, "ஒரு தடவையாவது அவனைத் தேடினீங்களா?" என்று கத்தினாள். இந்த இரைச்சலில் எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா பதிலுக்குக் கத்திவிட்டார்.

"பார்த்தேன்! போன வருஷம் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ரிப்பேருக்குப் போனேன்ல? லிஃப்ட் கூரை மேல உக்காந்திருந்தேன். கீழ அவன் குரல். ஒரு கைக்குழந்தை அழுதுச்சு, அவன் சமாதானம் பண்ணிட்டிருந்தான். தட்டியிருந்தா மேல பார்த்திருப்பான். அவன் இறங்கிப் போற வரைக்கும் நான் மூச்சே விடல!"

அம்மா எந்த ஊர் என்று மட்டும் கேட்டாள். கை கழுவினாள். கண்ணாடிக் கடைக்குத் தகவல் சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் விசாரித்து, தெருத் தெருவாக அலைந்து மகனைக் கண்டுபிடித்தாள். பேரக் குழந்தை அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதற்கப்புறம் அவள் திரும்பி வரவில்லை.

மகளின் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அந்த அமைதி வந்த இடத்தில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு வீட்டு விவரமெல்லாம் தெரிந்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஓடி வந்தாள். ஆனால் படத்தை முடிக்கிற அவசரத்தில், ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று, படத்துக்கு வேண்டிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்திருந்தாள். மிஞ்சியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கூடத்தின் மூலைகளில் ஸ்பீக்கர் வைத்து அதை ஓடவிட்டாள். கரண்டி, நாற்காலி, இருமல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் படிந்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இதுல உங்கம்மா இருக்கா. கதவுக்குப் பின்னாடி இருமலை அடக்கிட்டு நிக்கறா" என்று முணுமுணுத்தார். துண்டு முடிந்தது. இரைச்சல் திரும்ப எழுந்தது.

"இன்னொரு தடவை போடட்டுமாப்பா?"

"வேணாம்மா. இப்படி வந்துட்டு உடனே போறதுக்கு வராமயே இருக்கலாம்."

அவள் நூலகத்திலும், ஆளில்லாத வகுப்பறைகளிலும், விடுமுறை நாள் அலுவலகங்களிலும் அமைதிகளை எடுத்து வந்து விரித்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. படிப்பு முடிந்து டப்பிங் ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்கு மகன் கிடைத்ததும் தன்னால்தான் என்று சில நாள் தேற்றிக்கொள்வாள்; அப்பா தனியாகச் சாப்பிடுகிற தட்டு நினைவுக்கு வந்ததும் அந்த ஆறுதல் நிற்காது. வருடங்கள் போயின. ஃபோனில் அழைப்பவர்கள் சந்தையில் இருக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்பதும், அவர் ஆமாம் என்பதும் வழக்கமாயின.

ஓய்வுபெற்ற மறுமாதம் அவர் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி மகன் இருக்கும் ஊருக்குப் போனார். அன்றைக்கு மகளும் அங்கேதான் இருந்தாள். அண்ணன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து அவள் பார்த்தபோது அப்பா தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். ஆள் நடமாட்டமில்லாத, சத்தம் செத்த தெரு. அவர் சாலையைக் கடந்து, அழைப்பு மணிக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார். அந்த நிசப்தத்தில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைத்திருக்க வேண்டும். விரலை மடக்கிக்கொண்டார். அப்பா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். மகளுக்குத் தொண்டை வரை வந்தது. வாய் திறக்கவில்லை. அவர் செருப்பைத் தேய்க்காமல் மெதுவாகத் திரும்பி நடந்து முனையில் மறைந்தார்.

கீழேயிருந்து அம்மா, "வாசல்ல யாரோ நின்ன மாதிரி இருந்துச்சே?" என்றாள்.

"யாருமில்லம்மா."

அப்பா மறுநாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பூட்டைத் திறந்ததும் இரைச்சல் தெருவரை வந்தது. இங்கே எந்தச் சத்தம் எழுப்பவும் அவர் கூச வேண்டியதில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். அன்று மாதிரி அவர் என்றைக்கும் தூங்கியதில்லை என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அவ்வளவு இரைச்சலிலும் குறட்டை மட்டும் தனியாகக் கேட்டதாம்.